பச்சிலையும் பரீட்சையும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்கிறார்கள். அதாவது, "கரப்பான் வியாதிக்குச் சங்கரன்கோவில் புற்று மண்ணைப் பூசுவது முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லுவது சரி. ஆனால் நம்முடைய மலையில் விளைகிற பச்சிலைகளைப் பற்றி என்ன சொல்லுகிறீர்கள்? பச்சிலைகளில் பிளேவனாய்டு என்கின்ற ஒரு வகைச் சத்து இருக்கிறதென்றும், அது கரப்பானுக்கு நல்லதென்றும் விஞ்ஞானிகளே இப்பொழுது சொல்லுகிறார்களாமே! அப்படியானால் சித்தர்கள் சொன்னது மெய்தானே? தமிழன் வைத்தியத்தைத் தமிழனே ஆதரிக்காவிட்டால் வேறு யார் ஆதரிப்பார்கள்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமான கேள்விதான். எதிரிகள் கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் எழுதி விட்டிருப்போம். நம்முடைய சொந்தத் தோழர்கள், அதுவும் தமிழன் என்கிற உணர்ச்சியோடு கேட்பதால், சற்று விரிவாகவே நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சிலருக்குக் கசப்பாகவும் இருக்கலாம். கசப்பு என்பதற்காக வேப்பங்கொழுந்தை யாரும் வேண்டாமென்பதில்லையே!

முதலாவதாக, வியாதி இன்னதென்று தெரிந்து கொள்ளுவோம். நம் நாட்டில் கரப்பான் என்று சொல்லப்படுவதும், டாக்டர்கள் எக்ஸிமா என்று சொல்லுவதும் பெரும்பாலும் ஒன்றேயாகும். கைக்குழந்தையானால் கன்னத்திலும், வளர்ந்த பிள்ளையானால் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து, தடித்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, ஓயாமல் அரிக்கிற வியாதி இது. பகலில் விளையாட்டிலே மறந்திருக்கிற குழந்தை இராத்திரியில் சொறிந்து சொறிந்து இரத்தம் கண்டுவிடும். தாயானவள் அதன் கைகளில் துணியைச் சுற்றிவிட்டு விடிய விடிய விழித்திருப்பாள். மில்லில் வேலை செய்கிறவனுக்கும், சிமிண்டு குழைக்கிற கொத்தனாருக்கும், நாள் முழுதும் சோப்பு நீரில் கை வைத்துப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கும் கையிலேயே இது வந்து, வேலைக்குப் போனால் வியாதி, போகாவிட்டால் பட்டினி என்கிற நிலைமையை உண்டாக்குகிறது. இவ்வளவும் போதாதென்று, இது தொத்து வியாதி என்று தவறாக நினைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைப்பதும், பெண்ணைக் கலியாணத்துக்கு வேண்டாமென்பதும் நடக்கின்றன. எக்ஸிமா ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொத்துகிற வியாதியே அல்ல என்பதை வாசகர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

இது ஏன் வருகிறது? தோல் என்பது உடம்புக்கு ஒரு சுவர். அந்தச் சுவரின் பூச்சு சரியாக இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடுகிறது. வெளியே இருக்கிற தூசி, சோப்பு, கிருமி உள்ளே போய்விடுகிறது. உடனே உடம்பின் காவற்காரர்கள் கிளம்பிச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைதான் சிவப்பும், வீக்கமும், அரிப்பும். 2006-ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர்கள், தோலுக்கு உறுதியைத் தருகிற பிலாக்ரின் என்னும் புரதத்தை உண்டாக்கும் ஜீனில் பழுதிருப்பவர்களுக்கு இவ்வியாதி அதிகமாக வருகிறதென்று கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் இதுவே காரணம் என்பதல்ல. ஆனால் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற ஒரு குறையும், சுற்றுப்புறத்தில் இருக்கிற சில பொருள்களும் சேர்ந்தே இவ்வியாதி வருகிறது என்பது விளங்கிவிட்டது. இதில் ராகுவுக்கும் கேதுவுக்கும் வேலை கிடையாது.

ஆனால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? நாக தோஷம் என்று சொல்லிச் சங்கரன்கோவிலுக்குப் போய்ப் புற்று மண்ணைப் பிரசாதமாக வாங்கிப் பூசுகிறார்கள். வசதியுள்ளவர்கள் வைத்தீஸ்வரன் கோவில் வரை போய்க் குளத்தில் வெல்லத்தைக் கரைத்து, உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வருகிறார்கள். வெல்லம் கரைவது போல் வியாதி கரையுமாம்! அப்படியும் கரையாவிட்டால் "முன் ஜன்மத்துப் பாவம்" என்று சொல்லி விடுகிறார்கள்.

தோழர்களே! இந்த முன் ஜன்மப் பாவம் என்கின்ற சொல்லை மாத்திரம் இலேசாக விட்டுவிடாதீர்கள். நீ ஏன் கீழ்ஜாதியாய்ப் பிறந்தாய் என்றால் முன் ஜன்மப் பாவம். நீ ஏன் ஏழை என்றால் முன் ஜன்மப் பாவம். உன் குழந்தைக்கு ஏன் கரப்பான் என்றால் அதற்கும் முன் ஜன்மப் பாவம். ஒரே பூட்டுத்தான் எல்லாக் கதவுகளுக்கும் போடப்பட்டிருக்கிறது. ஆறு மாதக் குழந்தை என்ன பாவத்தைச் செய்திருக்க முடியும் என்று கேட்கத் துணிந்தவன்தான், தன் பாட்டனைத் தெருவில் நடக்கக் கூடாதென்றவனுக்கு என்ன உரிமை என்றும் கேட்பான். ஆகையால் கரப்பானைப் பற்றிய பேச்சு வெறும் வைத்தியப் பேச்சு அல்ல, சுயமரியாதைப் பேச்சுமாகும்.

"புற்று மண் பூசின பிறகு என் பிள்ளைக்குக் குணமாயிற்றே!" என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் பொய் சொல்லுவதாக நாம் சொல்ல வரவில்லை. கரப்பான் என்பது ஏறி ஏறி இறங்குகிற வியாதி. சில காலம் கடுமையாக இருக்கும். சில காலம் தானே தணியும். பல குழந்தைகளுக்கு வளர வளரக் குறைந்தும் விடுகிறது. மனிதன் கோவிலுக்கு எப்போது புறப்படுகிறான்? வியாதி உச்சத்தில் இருக்கும்போது. அதற்கு மேல் அது இறங்கத்தானே வேண்டும்? இறங்கினால் மண்ணுக்குப் புகழ். இறங்காவிட்டால் "பக்தி போதவில்லை" என்று உனக்குப் பழி. ஜெயித்தால் எனக்கு, தோற்றால் உனக்கு என்கிற இந்தச் சூதாட்டத்தில் எந்தச் சாமிதான் தோற்கும்? அன்றியும், மண்ணிலே டெட்டனஸ் என்னும் இரணஜன்னிக் கிருமியின் வித்து இருக்கக் கூடும். வெடித்து நீர் வடிகிற தோலில் அதைக் கொண்டுபோய் அப்புவது பக்தியா, ஆபத்தா என்று யோசித்துப் பாருங்கள்.

"மண்ணில் மருந்தே இருக்காதா?" என்று கேட்டால், இருக்கும் என்றே சொல்லுகிறோம். 1984-ஆம் வருஷத்தில் ஜப்பான் தேசத்தில் ட்சுகுபா என்னும் மலைப்பக்கத்து மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்குகிற பொருளைத் தனியே பிரித்தெடுத்து, முதலில் ஒருவர் உறுப்பை மற்றொருவருக்கு வைக்கிற சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு இதே கரப்பானுக்குக் களிம்பாகச் செய்து பல பேருக்குப் போட்டுப் பரீட்சித்து, 1999-இல் ஜப்பானிலும் 2000-இல் அமெரிக்காவிலும் மருந்தாக அனுமதித்தார்கள். டாக்ரோலிமஸ் என்று அதற்குப் பெயர். அதுவும் மண், இதுவும் மண். அந்த மண்ணை அவன் கும்பிடவில்லை, கிளறிப் பார்த்தான். இந்த மண்ணை நாம் கிளறவில்லை. கும்பிட்டு நெற்றியில் இட்டுக் கொண்டோம். வித்தியாசம் இவ்வளவுதான்.

நிற்க, இனிப் பச்சிலை விஷயத்துக்கு வருவோம்.

பிளேவனாய்டு என்பது ஏதோ ஒரே ஒரு மருந்தின் பெயரல்ல. செடி கொடிகள் தங்களைக் காப்பாற்றிக் கொள்ளவும், பூவுக்கும் காய்க்கும் நிறம் கொடுக்கவும் தாமே செய்து கொள்ளுகிற ஒரு பெரிய குடும்பத்துப் பொருள்களுக்கு அது பொதுப் பெயர். மஞ்சள் நிறம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இதுவரை 6,000-க்கு மேற்பட்ட பிளேவனாய்டுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே "இந்தச் செடியில் பிளேவனாய்டு இருக்கிறது" என்று ஒருவர் அதிசயமாகச் சொன்னால், "இந்த ஊரில் மனிதர் இருக்கிறார்கள்" என்று சொன்னதற்கு மேல் அதில் பெரிய சங்கதி இல்லை. எந்த மனிதர், என்ன வேலை செய்கிறவர் என்பதல்லவா கேள்வி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்டதாகக் கதை சொல்லுகிறார்கள். அதனால் துளசிக்கு மகிமை. மாரியம்மனுக்கு உகந்தது என்று வேப்பிலைக்கு மகிமை. பிள்ளையாருக்கு உகந்தது என்று அருகம்புல்லுக்கு மகிமை. துளசியில் ஓரியண்டின், விசெனின் என்னும் பிளேவனாய்டுகள் இருப்பது மெய்தான். வேப்பிலையில் குவர்செட்டின் இருப்பதும், அருகம்புல்லில் லூட்டியோலின், அபிஜெனின் இருப்பதும் மெய்தான். இதைக் கண்டவுடன் கோவில்காரர்கள், "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் விஞ்ஞானத்தைத்தான் சாமி பேரால் சொல்லி வைத்தார்கள்" என்று பிரசங்கம் செய்யக் கிளம்பி விடுகிறார்கள். அவர்களை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். குவர்செட்டின் என்னும் அந்தச் சத்து நாம் உண்ணும் பொருள்களில் மிகுதியாக இருப்பவற்றுள் ஒன்று வெங்காயம். முருங்கைக் கீரையிலும் அது இருக்கிறது. வெங்காயத்தை ஆசாரக்காரர்கள் தீட்டு என்று சமையற்கட்டிலேயே சேர்ப்பதில்லையே! சாமிக்குப் படைக்கிற பொருளிலும் அதைச் சேர்ப்பதில்லையே! முன்னோர்கள் பிளேவனாய்டைத் தெரிந்துதான் துளசியைக் கும்பிடச் சொன்னார்கள் என்றால், வெங்காயத்துக்கு ஏன் ஒரு மாடம் கட்டவில்லை? ஒன்றுமில்லாத சங்கதியை "வெங்காயம்" என்று நாம் சொல்லுவது வழக்கம். இந்தச் சத்து விஷயத்தில் வெங்காயம் வெறும் வெங்காயமல்ல! புண்ணியமுள்ள இலை, தீட்டுள்ள கிழங்கு என்கிற பேதத்தைச் செடி அறியாது, மனிதன்தான் உண்டாக்கினான்.

சரி, இந்தப் பொருள்கள் கரப்பானுக்கு உதவுமா? உதவலாம் என்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. நம் தோலில் மாஸ்ட் செல் என்னும் அணுக்கள் இருக்கின்றன. அவை ஹிஸ்டமின் என்கிற பொருளைக் கக்கும்போது தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. ஆராய்ச்சிச் சாலையில் கண்ணாடிக் கிண்ணத்தில் அந்த அணுக்களை வைத்து, குவர்செட்டினையோ லூட்டியோலினையோ சேர்த்தால், அவை ஹிஸ்டமினைக் கக்குவது குறைகிறது. இது உண்மை. ஆனால் கிண்ணத்தில் நடந்தது உடம்பில் நடந்துதான் தீரும் என்பதில்லை. பிளேவனாய்டுகளை வாயால் சாப்பிட்டால் இரத்தத்தில் சேருவது கொஞ்சந்தான். குடலும் ஈரலும் அவற்றை உருமாற்றி விடுகின்றன. தோலின் மேல் பூசினாலும் உள்ளே எளிதில் இறங்குவதில்லை. ஆகையால் கிண்ணத்துப் பலனை விளம்பரத்தில் போட்டு, புட்டியில் அடைத்து விற்பவன், பெண்ணைப் பார்த்து வந்ததையே கலியாணம் என்று சொல்லுகிறவனுக்கு ஒப்பாவான்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். ஹங்கேரி தேசத்து விஞ்ஞானி ஆல்பர்ட் ஸெண்ட் ஜியார்ஜி என்பவர் 1937-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1936-இல் எலுமிச்சையிலிருந்து எடுத்த பிளேவனாய்டுகள் நுண்ணிய இரத்தக் குழாய்களை உறுதிப்படுத்துகின்றன என்று சொல்லி, அவற்றுக்கு வைட்டமின் என்கிற பட்டத்தையே கொடுத்தார்கள். சொன்னவர் பெரியவர் என்பதற்காக உலகம் சும்மா இருந்ததா? மற்றவர்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள். அது இல்லாவிட்டால் இன்ன வியாதி வருகிறது என்று காட்ட முடியவில்லை. 1950-இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் கமிட்டி ஒன்று அந்தப் பட்டத்தை எடுத்துவிட வேண்டுமென்று சொல்லிவிட்டது. யாரும் அவரை மதத் துரோகி என்று ஏசவில்லை. அவருடைய மற்ற ஆராய்ச்சியின் பெருமையும் குறையவில்லை. ரிஷி சொன்னார், சித்தர் சொன்னார், நோபல் பரிசுக்காரர் சொன்னார் என்பது எல்லாம் ஒன்றுதான். சொன்னவர் யார் என்பதை விட்டு, சொன்னது சரியா என்று பார்ப்பதே விஞ்ஞானம், அதுவே பகுத்தறிவும்.

இப்பொழுது கரப்பானுக்கு மூலிகை கொடுத்து மனிதர்களிடத்தில் பார்த்த பரீட்சைகளைக் கவனிப்போம். சீன தேசத்து முறைப்படி 10 மூலிகைகள் சேர்ந்த கஷாயம் ஒன்று. அதில் சீன அதிமதுரமும், நம்மூர்த் தரிசில் காலைக் குத்துகிற நெருஞ்சிலும் உண்டு. லண்டன் டாக்டர்கள் அதைக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக் காலம் மெய்யான கஷாயம். மறு பாதிக் காலம் அதைப் போலவே தோற்றமும் ருசியும் உள்ள, ஆனால் மருந்தல்லாத கஷாயம். மெய்யான கஷாயம் குடித்தபோது குணம் நன்றாகத் தெரிந்தது. வெள்ளைக்காரன் ஊரில் நடந்த பரீட்சையில் ஆசியாக்காரன் மூலிகை ஜெயித்தது! ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1999-இல் சீனர்களே வாழ்கிற ஹாங்காங்கில் அந்தக் கஷாயத்தை மறுபடி பரீட்சித்தபோது, பொய்க் கஷாயத்தைக் காட்டிலும் மேலான குணம் காணவில்லை. இதற்கிடையில் இப்படிப்பட்ட கஷாயம் குடித்த சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் டாக்டர்கள் எழுதினார்கள்.

அதே 1999-இல் லண்டன் டாக்டர்கள் வேறொரு காரியமும் செய்தார்கள். "முழுக்க முழுக்க மூலிகை" என்று கரப்பானுக்கு விற்கப்பட்ட 11 சீனக் களிம்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 8 களிம்புகளில் டெக்ஸாமெதஸோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது! அதாவது "இங்கிலீஷ் மருந்து விஷம்" என்று சொல்லிக் கொண்டே அந்த இங்கிலீஷ் மருந்தைத் திருட்டுத்தனமாக உள்ளே வைத்து, இலையின் பேரால் விற்றிருக்கிறார்கள். தாய்மார்கள் அதைக் குழந்தையின் முகத்தில் பூசியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் மேற்பார்வையில் அளவோடு போட்டால் நல்ல மருந்து. தெரியாமல், அளவில்லாமல், மாதக்கணக்காகப் போட்டால் தோல் மெலிந்து கெட்டுவிடும். நம் நாட்டிலும் இந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுகிற கேடு முற்றியதால்தான் 2018-இல் இவற்றின் விற்பனைக்குக் கட்டுப்பாட்டை அதிகப்படுத்தினார்கள். ஆகவே இரண்டே நாளில் மாயம் போல் குணப்படுத்துகிற "மூலிகைக் களிம்பு" எதைக் கண்டாலும், சித்தர் அருள் என்று கையெடுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிச் சொல்லுவதால் இலை எல்லாம் பொய் என்று நாம் சொல்லுவதாக நினைக்கக் கூடாது. 2003-இல் ஈரான் தேசத்தில், பிளேவனாய்டுகளும் வேறு சத்துக்களும் உள்ள அதிமதுரத்தைச் சாறெடுத்து, நூற்றுக்கு 2 பங்கு சேர்த்த களிம்பை இரண்டு வாரம் போட்டுப் பார்த்ததில், சிவப்பும் வீக்கமும் அரிப்பும் குறைந்ததாகத் தெரிந்தது. அது சிறிய பரீட்சைதான்; பெரிதாக மறுபடி செய்து பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் வழி அதுவே.

நம்முடைய பக்கத்திலேயே வெட்பாலை இருக்கிறது. அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக மாறும். அந்தத் தைலத்தைக் கரப்பானுக்கும் காளாஞ்சகப் படைக்கும் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். இலையில் ருட்டின் என்கிற பிளேவனாய்டும் உண்டு. நீலச் சாயத்துக்கு இனமான வேறு பொருள்களும் உண்டு. சரி, தைலம் பூசிக் குணம் கண்டால், குணம் கொடுத்தது எது? ருட்டினா? சாயப் பொருளா? அல்லது வெறும் தேங்காயெண்ணெயா? ஏனென்றால் 2014-இல் வெளியான பிலிப்பைன்ஸ் தேசத்துப் பரீட்சை ஒன்றில், 117 குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதியாருக்குச் சுத்தமான தேங்காயெண்ணெயும் மற்றவர்களுக்குக் கனிம எண்ணெயும் 8 வாரம் பூசிப் பார்த்ததில், தேங்காயெண்ணெயே மேலாக இருந்தது. அப்படியானால் புட்டியின் மேல் சித்தர் படம் போட்டு விற்பதில் எவ்வளவு இலையின் வேலை, எவ்வளவு எண்ணெயின் வேலை, எவ்வளவு படத்தின் வேலை?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு புட்டிகள். ஒன்றில் இலை சேர்ந்த எண்ணெய். மற்றொன்றில் அதே நிறம் கொடுத்த வெறும் எண்ணெய். யாருக்கு எந்தப் புட்டி என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். பூசிக் கொள்ளுகிறவனுக்கும் தெரியக் கூடாது. பார்த்து எழுதுகிற டாக்டருக்கும் தெரியக் கூடாது. சில வாரம் கழித்துக் கணக்கைத் திறந்து பார்த்தால் உண்மை தானே வெளியே வந்துவிடும். இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிற தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். துணி அனுப்பினால் வாங்குகிறவன் இழையை எண்ணுகிறான், நிறுத்துப் பார்க்கிறான், அழுக்குப் பார்க்கிறான். "என் பாட்டன் நெய்த முறையில் நெய்தேன், சோதிக்காதே" என்று சொன்னால் வாங்குவானா? புண்ணின் மேல் சுற்றுகிற துணிக்கே இவ்வளவு சோதனையென்றால், புண்ணுக்குள்ளே போகிற மருந்துக்குச் சோதனை வேண்டாமா?

"பச்சிலைதானே, கெடுதல் செய்யாது" என்கிற பேச்சும் தப்பு. 1950-களில் இந்தியாவில் தலைகாட்டி இன்று தெருவெல்லாம் மண்டிக் கிடக்கிற பார்த்தீனியம் பச்சைச் செடிதான். அது காற்றில் பட்டே எத்தனையோ விவசாயிகளுக்குத் தீராத கரப்பானை உண்டாக்குகிறது. சலவைத் துணியில் குறி போடுகிற சேங்கொட்டையும் இயற்கைப் பொருள்தான். அதன் பால் பட்டால் தோல் வெந்து விடும். செடி நமக்கு நண்பனுமல்ல, விரோதியுமல்ல. அதற்கு நம்மைத் தெரியாது. நாம்தான் அதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இனித் "தமிழன் வைத்தியம்" என்பதைப் பற்றி. சித்தர்கள் என்று சொல்லப்படுகிறவர்களில் சிவவாக்கியர் போன்றவர்கள் ஜாதியையும் கல்லைக் கும்பிடுவதையும் சாடினவர்கள். அப்படிப்பட்டவர்களையே இன்று சதுரகிரி மலையில் கண்ணுக்குத் தெரியாமல் உலாவுகிற சாமிகளாக்கி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஜனங்களை ஏற்றி இறக்குகிறார்கள். இது சித்தர்களுக்கு மரியாதையா? பனகல் அரசர் காலத்து நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் உஸ்மான் கமிட்டியை நியமித்து நாட்டு வைத்தியத்தை விசாரிக்கச் செய்து, 1925-இல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளிக்கூடத்தையும் திறந்தது. நாட்டு வைத்தியத்தைப் பூசைமாடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்பதே அதன் கருத்து. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசாங்க சித்த வைத்தியக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த ஆராய்ச்சி வைத்திய நிலையம் இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தோல் டாக்டர் ஒரு பக்கம், சித்த டாக்டர் ஒரு பக்கம், இரண்டு புட்டிகள் நடுவில். தமிழனுடைய மருந்து மெய்யானால், அது உலகம் முழுவதும் போகட்டும். 2015-இல் சீனத்துப் பெண் விஞ்ஞானி டூ யூயூ பழைய ஏடு ஒன்றில் கண்ட மூலிகைக் குறிப்பைப் பரீட்சித்து, அதிலிருந்து மலேரியா மருந்து எடுத்ததற்காக நோபல் பரிசு வாங்கவில்லையா? அவர் ஏட்டைக் கும்பிட்டிருந்தால் பரிசும் இல்லை, மருந்தும் இல்லை. "பரம்பரை இரகசியம், வெளியே சொல்ல மாட்டேன்" என்று மருந்து முறையை ஒளித்து வைக்கிற வைத்தியனும், வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் ஊற்று என்றவனும் ஒரே பள்ளியில் படித்தவர்களே ஆவார்கள்.

ஆகவே நம் தோழர்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், கரப்பான் கண்ட குழந்தையை முதலில் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். குளித்த ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயோ டாக்டர் சொல்லுகிற களிம்போ தடவி, கடுமையான சோப்பை நிறுத்தி, பருத்தித் துணி உடுத்த வேண்டும். டாக்டர் கொடுத்த களிம்பை அவர் சொன்ன நாள் வரை, சொன்ன அளவு மாத்திரம் போட வேண்டும். பயந்து நிறுத்தவும் கூடாது, பழகி நீட்டவும் கூடாது. சித்த தைலம் பூச ஆசைப்பட்டால், படித்துப் பட்டம் பெற்ற சித்த வைத்தியரிடமே போய், அதில் சேர்ந்த பொருள்களைக் கேட்டு, தோல் டாக்டருக்கும் தெரிவித்து, நல்ல தோலில் சிறிது தடவிச் சில நாள் பார்த்த பிறகே உபயோகிக்க வேண்டும். நீர் வடிகிற புண்ணில் எதையும் தானாக அப்பக் கூடாது. தாயத்து, மந்திரம் முதலியவற்றால் வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-இல் வந்த சட்டம் ஒன்றிருக்கிறது. அதைத் தூங்க விடாமல் எழுப்புகிற வேலையை வாலிபத் தோழர்கள் எடுத்துக் கொள்ள வேண்டும்.

அரசாங்கத்தாரையும் ஒன்று கேட்டுக் கொள்ளுகிறோம். சித்த வைத்தியத்தைப் பற்றி மேடையில் பெருமை பேசுவது போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் என்னென்ன இலைகள் கரப்பானுக்கு வழங்குகின்றன என்பதைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன இரண்டு புட்டி முறையில் பரீட்சித்து, ஜெயித்ததையும் தோற்றதையும் ஒளிக்காமல் தமிழிலேயே அச்சிட்டு வெளியிட வேண்டும். ஜெயித்த மருந்தை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். தோற்றதை, அது எவ்வளவு பழைய ஏட்டில் இருந்தாலும், கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பச்சிலைக்கு நாம் பகையல்ல; பரீட்சைக்குப் பயப்படுகிறவர்களுக்கே பகை. கேள்வி கேட்டு எழுதிய தோழர்கள் இந்த வித்தியாசத்தைத் தங்கள் ஊரில் ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துச் சொல்லுவார்கள் என்று நம்புகிறோம்.